இன்ஃபாச்சுவேஷனுக்கு வேர் தோண்டியவர்

உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்துவைக்கிறேன். வேர் தோண்டிகள். மரத்தின் வேரை அல்ல. அதைத் தோண்டினால் வனத்துறையாவது வந்து பிடித்துக்கொண்டு போகும். இவர்கள் தோண்டுவது சொல்லின் வேரை. அதற்குச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லாததால் வெளியே தாராளமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தலைவலி தாங்காமல், "ஒரு டேப்லட் இருந்தா குடுங்களேன்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்கிறீர்கள். அவர் சட்டைப்பையில் கையை விடுகிறார். நம்பிக்கையோடு பார்க்கிறீர்கள். கை அங்கேயே நிற்கிறது. முகத்தில் ஒரு பிரகாசம். "டேப்லட்னா மொதல்ல சின்னப் பலகைன்னுதான் அர்த்தம், தெரியுமா?" பலகை வந்துவிட்டது. மாத்திரை வரவில்லை. கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்து, வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கிறீர்கள். அவர் வருகிறார், சந்தனம் பூசிக்கொள்கிறார், இரண்டு லட்டு சாப்பிடுகிறார், கிளம்பும்போது உங்கள் தோளில் கைபோட்டு, "மார்ட்கேஜ்ங்கிற வார்த்தையில அந்த 'மார்ட்' இருக்கே, அது சாவு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஓட்டுக் கேட்க வந்தவரை அரைமணி நேரம் நிற்கவைத்து, 'கேண்டிடேட்' என்றால் வெள்ளை உடுத்தியவன் என்று விளக்கி அனுப்புகிறார். ஓட்டு உண்டா என்று அந்த மனிதர் கேட்கவேயில்லை. தப்பித்தால் போதும் என்று போய்விட்டார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எந்தப் பேச்சுக்கு நடுவிலும் இவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" தெரியாது என்றால் சொல்வார்கள். தெரியும் என்றால், உங்களுக்குத் தெரிந்தது தப்பு என்று சொல்லிவிட்டுப் பிறகு சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவர் இரும்புலியூரில் வாழ்ந்துவந்தார். பெயர் ஏசுதாசன். வயது முப்பத்து நாலு. சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. பள்ளிக்கூட ஆசிரியையான அக்கா ரத்தினபாயின் வீட்டு மாடியில் குடியிருந்தார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் அவர் ஏறும் பெட்டியில், பழகியவர்கள் யாரும் ஏறமாட்டார்கள். புதிதாக ஏறியவர்கள் கிண்டிக்குப் போக வேண்டியவர்களாக இருந்தால்கூட, குரோம்பேட்டையில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

ஒருவரைத் தவிர. அவர்தான் புஷ்பம்.

புஷ்பம் தொலைபேசி இலாகாவில் என்கொயரி பிரிவில் ஆபரேட்டர். ஊரில் யாருக்கு யாருடைய நம்பர் வேண்டுமானாலும் தேடிச் சொல்கிற வேலை. ஏசுதாசனும் அவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரே சர்ச். அங்கே பாடகர் குழுவில் இருவரும் பாடினார்கள். நாள் முழுக்க, "நம்பர் சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்று அதட்டுகிறவர்களின் குரலையே கேட்டுச் சலித்திருந்த புஷ்பத்துக்கு, எதையும் கேட்காமல் தானாகவே சொல்லிக்கொண்டு போகிற ஒரு மனிதரின் பக்கத்தில் நிற்பது ஓய்வாக இருந்தது. அதுமட்டுமல்ல. அவருக்கு அந்தக் கதைகள் நிஜமாகவே பிடித்திருந்தன. "இன்னொண்ணு சொல்லுங்க" என்று கேட்டார்.

இன்னொண்ணு சொல்லுங்க! ஒரு வேர் தோண்டியின் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தைக் கேட்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று உங்களுக்குத் தெரியாது. ஏசுதாசனுக்கு அன்று முழுக்க ஆபீசில் கையெழுத்து நேராக வரவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். ரயிலில் ஒரே கதவருகே நிற்பதும், பாட்டுப் பயிற்சி முடிந்தால் வேண்டுமென்றே மெதுவாக நடப்பதுமாகப் போனது. இடையில் ஒரு டிசம்பரில், பனியில் நின்று கேரல் பாட வேண்டியிருக்கிறதே என்று புஷ்பம் தன் கையாலேயே ஒரு சாம்பல் நிற மஃப்ளர் பின்னிக் கொடுத்தார். ஒரு பெண் மாதக்கணக்கில் பின்னி, காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? ஏசுதாசன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "வேடிக்கை என்னன்னா, பழைய பிரெஞ்சில இந்த வார்த்தை கழுத்துக்கு இல்ல, கையுறைக்கு."

புஷ்பம் சிரித்தார். பொறுமைசாலி. ஆனாலும் இருபத்தொன்பது வயது. வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது. தன் சித்தியிடம் ஜாடையாக விஷயத்தைச் சொல்லிவைத்தார். சித்தி ரத்தினபாயிடம் ஜாடையாகச் சொன்னார். ரத்தினபாய் தம்பியிடம் சாப்பாட்டு வேளையில் ஜாடையாக ஆரம்பித்தார். தம்பி 'சாம்பார்' என்ற சொல்லில் இருந்தார். ஜாடை எடுபடவில்லை.

இந்த நிலைமையில்தான் சர்ச்சில் வாலிபர் கூட்டம் வந்தது.

அந்தக் காலத்து வாலிபர் கூட்டங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான். 'லவ்வா? இன்ஃபாச்சுவேஷனா?' காலேஜ் பையன்களும் பெண்களும் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருக்க, யாராவது ஒரு பெரியவர் எழுந்து, உங்களுக்கு வந்திருப்பது முதலாவது அல்ல, இரண்டாவதுதான் என்று சொல்லி ஜெபம் பண்ணி முடிப்பார். அந்த வருஷம் வரவேண்டிய பேச்சாளருக்குக் காய்ச்சல். பாதிரியார் ஏசுதாசனைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவர். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிடுங்களேன்" என்றார்.

சொல்லிடுங்களேன் என்று புஷ்பத்தைத் தவிர அவரிடம் இதற்கு முன் யாரும் கேட்டதே இல்லை. அவராகத்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறினார். முதல் பத்து நிமிஷம் பிரமாதம். "இன்ஃபாச்சுவேஷன்ங்கிறது லத்தீன். நடுவில ஒளிஞ்சிருக்கிற வார்த்தை 'ஃபாட்டுவஸ்'. ஃபாட்டுவஸ்னா முட்டாள். ஆக, இன்ஃபாச்சுவேஷன்னா ஒரு நல்ல மனுஷன் முட்டாளாக்கப்படுவது. நீங்க எல்லாரும் இதைக் கவர்ச்சின்னு நெனைக்கிறீங்க. வேரைப் பாருங்க. அங்க கவர்ச்சியே கிடையாது. முட்டாள்தனம் மட்டும்தான் இருக்கு!" கைதட்டல்கூட வந்தது. பாதிரியாருக்குத் திருப்தி. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

எந்த வேர் தோண்டி அத்தோடு உட்கார்ந்திருக்கிறார்? உதாரணம் சொன்னால்தானே பிள்ளைகளுக்குப் புரியும் என்று அறிகுறிகளில் இறங்கினார். அகராதியில் அறிகுறி எதுவும் போட்டிருக்கவில்லை. ஆகவே, தன் நெஞ்சுக்குள் இருந்ததையே எடுத்துச் சொன்னார். ஊர் பேர் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது என்று அவருக்கு எண்ணம்.

"தினமும் ரயில்ல ஒரே கதவுகிட்டப் போய் நிப்பாங்க. கால் நல்லா இருந்தும் மெதுவா நடப்பாங்க. யாரோ டிசம்பர்ல பின்னிக் கொடுத்த மஃப்ளரை மே மாச வெயில்ல பெட்டியிலேர்ந்து எடுத்து எடுத்துப் பாப்பாங்க. இதெல்லாம் ஃபாட்டுவஸ்!"

பெண்கள் வரிசையில் ஒரு களுக். பிறகு ஆண்கள் வரிசையில். பாடகர் குழுவில் மஃப்ளர் யார் பின்னியது என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. நாற்பது தலைகள் திரும்பிப் புஷ்பத்தைப் பார்த்தன. மேடையில் இருந்தவர் மட்டும் பார்க்கவில்லை.

புஷ்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த செய்தி கடைசியில் வந்தேவிட்டது. அவருக்குத் தன்மேல் ஆசை இருக்கிறது. ஆனால் அதை அவரே ஒரு வியாதி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மெதுவாக எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்க, கேளுங்க."

"இது குணமாயிடுமா?"

நல்ல கேள்வி என்று மகிழ்ந்துபோனார் ஏசுதாசன். "நிச்சயமா! சம்பந்தப்பட்டவங்க கண்ணுல படாம கொஞ்ச நாள் விலகி இருந்தா, தானா சரியாயிடும்."

"சரி சார். விலகியே இருந்துடறேன். தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் கதவருகே அவர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சளி பிடித்திருக்கும் என்று ஏசுதாசன் நினைத்துக்கொண்டார். புதன்கிழமை பல்லாவரத்தில் எட்டிப் பார்த்தபோது, இரண்டு பெட்டி தள்ளி லேடீஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சளி பிடித்தவர் மாதிரித் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா ஜாடையைக் கைவிட்டார்.

"மைக்கைப் பிடிச்சுகிட்டு அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கியேடா!"

"நான் எங்கக்கா வேண்டாம்னேன்? வார்த்தைக்கு அர்த்தம்தானே சொன்னேன்?"

"அர்த்தம்! அவ சித்தி வந்து அழுதுட்டுப் போறாங்க. படப்பையில துரைன்னு ஒரு மாப்பிள்ளை. டிராக்டர் சாமான் கடை வெச்சிருக்காராம். ஞாயித்துக்கிழமை பேசி முடிக்க வராங்க. அவ சரின்னுட்டாளாம்."

ஏசுதாசன் படியேறி மாடிக்குப் போனார். சாப்பிடவில்லை. அவருடைய நெஞ்சில் அன்று நடந்ததற்கு லத்தீனில் பெயர் இருந்திருக்கும், அவர் தேடவில்லை. தேடியது வேறு. தப்பு சொல்லில்தான் நடந்திருக்கிறது, சரியான சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். இதுதான் அந்த இனத்தின் பரிதாபம். வீடு பற்றி எரிந்தாலும் 'நெருப்பு' என்ற சொல்லுக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்.

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தலையணை அளவு அகராதியை மடியில் வைத்துக்கொண்டார். 'சார்ம்' என்று ஆரம்பித்தார். வேரில் மந்திரம் ஓதுகிறவன் இருந்தான். சரிப்படாது. 'ஃபேசினேஷன்' நாகரிகமாகத் தெரிந்தது. தோண்டினால் அடியில் செய்வினை. 'கிளாமர்' என்பதோ 'கிராமர்' என்ற சொல்லின் திரிபாம். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கப் போகிற இடத்தில் இலக்கணத்தை நீட்ட முடியுமா? 'கிரஷ்' என்றால் நசுக்குவது. அது தினமும் காலையில் மாம்பலத்தில் நடக்கிறது. கடைசியாக 'அட்ராக்ஷன்'. கௌரவமான சொல். இழுப்பது என்று பொருள். அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பினால், அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லும் போட்டிருந்தது. டிராக்டர்!

அங்கேயும் படப்பைத் துரையே முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அகராதியை மூடினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தாம்பரம் மார்க்கெட்டில் துளசிங்கத்தின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, என்கொயரிக்கு டயல் செய்தார்.

"என்கொயரி. எந்த நம்பர் வேணும்?" இது புஷ்பத்தின் குரல் இல்லை. கொஞ்சம் வயதான குரல்.

"புஷ்பம்."

"இனிஷியல்?"

"டபிள்யூ."

"அட்ரஸ் சொல்லுங்க."

"உங்க பக்கத்து சீட்டுதாங்க."

"ஹலோ, யாரு? அந்த முட்டாள் சாரா?" கேட்டவர் சீனியர் ஆபரேட்டர் தாயாரம்மாள். செய்தி தாம்பரத்தைத் தாண்டி என்கொயரி பிரிவு முழுக்கப் பரவியிருக்கிறது என்று ஏசுதாசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அவ பேச மாட்டேங்கறா சார். வைங்க." லைன் போய்விட்டது.

மறுபடி டயல். வேறொரு பெண். சிரிப்பு. கட். மறுபடி டயல். ஓர் ஆண் குரல், "மேடம் லைன்ல இல்ல சார், நீங்க விலகி இருந்தா தானா சரியாயிடும்." கட்.

துளசிங்கம் கதவைத் திறந்து தலையை நீட்டினார். இரும்புலியூரில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் பிளாட்டான பிறகு பூத் வைத்தவர். "இன்னா சார், ஊர்ல கீற நம்பரை எல்லாம் கேட்டுகினு போவப் போறியா? வெளிய ரெண்டு பேரு நின்னுகினு கீறாங்க."

"பேஜார் பண்ணாதீங்க அண்ணா. ஒரு பொண்ணு விஷயம்."

துளசிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெளியே திரும்பி, "போன் ரிப்பேரு! வேற எடம் பாரு!" என்று நின்றவர்களை விரட்டிவிட்டு, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தார்.

இந்த முறையும் தாயாரம்மாள்தான். "விட மாட்டீங்க போலிருக்கே. இருங்க." ஏதோ கிசுகிசுப்பு, நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "என்கொயரி" என்றது அவருக்குத் தெரிந்த குரல்.

"புஷ்பம், நான் ஏசுதாசன். அந்த இன்ஃபாச்சுவேஷன்ல 'இன்'ங்கிற முன்னொட்டு..."

"வெச்சுடட்டுமா?"

"வேணாம், வேணாம்!" குரல் உடைந்தது. பூத்துக்குள் வியர்த்து ஊற்றியது. அகராதியில் பார்த்த சொற்கள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வந்தது இதுதான்: "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மறுமுனையில் என்கொயரி பிரிவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. தாயாரம்மாள் தன் லைனையும் இதில் சேர்த்துவிட்டிருந்தார்.

"பிடிச்சிருக்கா?" என்றார் புஷ்பம். "சளி பிடிச்சிருக்குங்கற மாதிரியா, சனி பிடிச்சிருக்குங்கற மாதிரியா?"

"தெரியலைங்க."

"தெரியலையா! இந்த 'பிடிச்சிருக்கு' எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதில் ஒரு மணி நேரம் பேசுமளவுக்குத் தெரியும். பிடி, பிடிப்பு, பிடிவாதம் என்று நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றது. ஏசுதாசன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"இரும்புலியூர்லேர்ந்து வந்துச்சு" என்றார். "வெயில்ல நடந்தே வந்துச்சு. இப்ப மார்க்கெட் பூத்துல நிக்குது."

முதலில் சிரித்தது தாயாரம்மாள். அப்புறம் மற்ற ஆபரேட்டர்கள். கடைசியாக, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், புஷ்பம். அந்தச் சிரிப்பின் நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. அது தாயாரம்மாள் இல்லை.

"ஞாயித்துக்கிழமை படப்பைக்காரங்க வராங்க" என்றார் புஷ்பம்.

"நாளைக்கே எங்க அக்கா வருவாங்க. நான் வெளியவே நிக்கறேன்."

"ஏன் வெளிய?"

"உள்ள வந்தா ஏதாவது சொல்லிடுவேன்."

"உள்ளயே வாங்க. வாயைத் திறக்காம வாங்க."

துளசிங்கம் அத்தனை போனுக்கும் ஒரு பைசாகூட வாங்கிக்கொள்ளவில்லை. "போ சார், போயி வேலையப் பாரு" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

சனிக்கிழமை ரத்தினபாயும் தம்பியும் சேலையூருக்குப் போனார்கள். புஷ்பத்தின் அப்பா வில்பிரட் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்போதுதான் வீட்டுக்கு மராமத்து வேலை முடித்திருந்தார். புது வேலை முடித்தவர் வந்தவர்களைச் சும்மா உட்காரவிடுவாரா? எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"இந்த ஜன்னல் பாருங்க, தேக்கு."

ஏசுதாசன் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார்.

"இந்த அலமாரி சுவரோட சேர்த்துப் போட்டது."

ஏசுதாசன் உதட்டைக் கடித்தார். ரத்தினபாய் தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேஜை பழசுதான், பாலீஷ் போட்டிருக்கேன். அதோட சாவி மட்டும் எங்கயோ தொலைஞ்சிடுச்சு."

ஜன்னல், அலமாரி, மேஜை, சாவி! ஒரே மூச்சில் நான்கு! நான்கு சொல்லும் கடல் தாண்டி ஒரே கப்பலில் வந்து இறங்கியவை! ஏசுதாசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய் திறந்தது. "சாவிங்கறது..." வரை வந்தேவிட்டது. அந்த நேரத்தில் புஷ்பம் குறுக்கே வந்து, தட்டில் இருந்ததிலேயே பெரிய கேக் துண்டாக எடுத்து அவர் கையில் கொடுத்து, "சாப்பிடுங்க" என்றார். ஏசுதாசன் முழுத் துண்டையும் வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

"சாவிக்கு என்ன தம்பி?" என்றார் வில்பிரட்.

ஏசுதாசன் கேக்கோடு தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று கையையும் ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு வில்பிரட் மனைவியிடம் சொன்னாராம்: "படப்பைப் பையன் போனவாட்டி வந்து ஓயாம டிராக்டர் கதையே பேசினான். இந்தப் பையன் பரவால்ல. ரொம்ப அமைதி. ஒரு வார்த்தை கேட்டாத்தான் பதில் சொல்வார் போல."

ஜனவரியில் கல்யாணம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, ஏசுதாசன் அடக்கிவைத்திருந்த நான்கையும் அவிழ்த்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போனது. அன்றிலிருந்து வில்பிரட் மராமத்துப் பேச்சையே எடுப்பதில்லை. மருமகன் வருகிற நேரத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். புஷ்பம் மட்டும் இன்னமும், பாத்திரம் கழுவிக்கொண்டே, இன்னொண்ணு சொல்லுங்க என்கிறார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தோண்டவும் போவதில்லை.

சிரிக்கிறீர்கள். இப்படியும் ஒரு மனிதரா என்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஜன்னல், அலமாரி, மேஜை, சாவி என்ற நான்கும் ஒரே கப்பலில் வந்தவை என்று மட்டும் சொன்னேன். எந்த நாட்டுக் கப்பல் என்று நான் சொல்லவேயில்லை. நீங்கள் ஏன் உதட்டை அசைத்தீர்கள்?